அப்பாவுக்கு ஒரு நிமிட மௌனம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, மலேசியாவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூட மேடையில் வைத்து, என் அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அறிவித்தவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. நல்ல மனுசி. கையிலிருந்த தாளைப் பார்த்துத்தான் வாசித்தார். நான் அதே மேடையில், அவருக்கு நாலடி தள்ளி, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

இது எப்படி நடந்தது என்று சொல்வதானால் மாமாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாமா அம்மாவின் தம்பி. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் எங்களுக்கு அடுத்த வளவு அவருடையது. சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய அந்த வருடங்களில் வன்னியில் நெல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் விளைந்தது படிவங்கள்தான். தகரத்துக்கு ஒரு படிவம், மண்வெட்டிக்கு ஒரு படிவம், கிணறு இறைக்க ஒன்று, ஆட்டுக்கு ஒன்று. அவற்றை நிரப்புவதில் மாமா விண்ணன். பின்னேரத்தில் அவர் வீட்டு முற்றத்தில் பேனையும் அடையாள அட்டையுமாக நாலு பேராவது காத்திருப்பார்கள்.

"கடதாசி என்ன கேக்குதோ அதைத்தான் எழுதோணும்" என்பார் மாமா. "எங்களுக்கு என்ன நடந்தது எண்டு அதுக்குத் தேவையில்லை."

அவருடைய கையெழுத்தில் எங்கள் குடும்பம் பல உருவம் எடுத்தது. ஆட்டுத் திட்டத்தில் அம்மா தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண். சைக்கிள் திட்டத்தில் நான் பள்ளிக்கூடத்துக்கு ஏழு கிலோமீற்றர் நடந்தேன், உண்மையில் மதகைத் தாண்டினால் பள்ளிக்கூடம். கோழிக்கூட்டுத் திட்டத்தில் எங்களோடு ஒரு வயதான பெரியம்மா வசித்தார், அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆடு வந்தது, சைக்கிள் வந்தது, கோழிக்கூடும் வந்து சேர்ந்தது. ஊரில் இதை ஒருவரும் பொய் என்று சொன்னதில்லை. ஆதாரம் கேட்டும் ஒருவரும் வரவில்லை. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தவர்களிடம் போய்ச் சான்றிதழ் கேட்பது அழகில்லை என்று நினைத்த மனிதர்கள் அவர்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த மாணவர் பரிமாற்றப் பயணம் வந்தது. வன்னியிலிருந்து ஆறு பிள்ளைகள், பத்து நாட்கள், மலேசியாவில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து, அந்தப் பிள்ளைகளோடு பழகிவிட்டு வருவது. நான் அந்த வருடம் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்திருந்தேன். அதற்காகத்தான் என்னைத் தெரிந்தெடுத்தார்கள் என்று நான் நினைத்தேன், பள்ளிக்கூடம் முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டும் திரிந்தேன். கடவுச்சீட்டு எடுக்க அப்பாதான் என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். கல்யாண வீட்டுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, மூன்று இடத்தில் தன் பெயரை எழுதி, அவசரப்படாமல் ஆறுதலாகக் கையெழுத்து வைத்தார். பயணத்துக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை அதற்கு முன்பே மாமா தன் வீட்டில் இருந்து நிரப்பியிருந்தார். அதை நான் பார்க்கவில்லை.

புறப்பட்ட அன்று அப்பா என்னை ஏற்றிவிட வரவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வரும் முறை அன்றைக்குத்தான் என்றார்கள். அம்மாவும் வாசற் படலையோடு நின்றுவிட்டார். மாமா மட்டும் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்து, கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருங்கிணைப்பாளர் அக்காவிடம் என்னை ஒப்படைத்தார். வெளிநாடு போகிற மகளைவிட அப்பாவுக்கு வயல் பெரிதாகிவிட்டதே என்று வவுனியா வரைக்கும் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

வாகனத்தில் எனக்குப் பக்கத்தில், முல்லைத்தீவுப் பக்கம் நாயாறு என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். கழுத்தில் சின்னச் சிலுவை. மாமியோடு இருப்பதாகச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் மாமியோடும் பெரியம்மாவோடும் வளர்வது அதிசயமில்லை, அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அதிகம் கதைக்கிறவளும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கதைத்தேன்.

மலேசியாவில் இறங்கியதிலிருந்து எனக்கு எல்லாமே திகைப்புத்தான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடும் தெருக்களைப் பார்த்துத் திகைத்தேன். மாடிப்படி தானாக ஏறிப்போனதைப் பார்த்து, கால் வைக்கப் பயந்து, பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டு நின்றேன். காலையில் கண்டவர்களெல்லாம் "பசியாறியாச்சா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டோமா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்களாம். முதல் நாள் காலை தேங்காய்ப்பாற் சோற்றின்மேல் பொரித்த நெத்தலிக் கருவாட்டைப் போட்டுத் தந்தார்கள். நாயாற்றுப் பிள்ளை அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காய்ஞ்சது காணாது, இன்னும் காயோணும்" என்றாள். அவள் தானாகச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

முதலாவது பள்ளிக்கூடத்தில் எங்களைப் பொதுவாக அறிமுகம் செய்துவிட்டு, அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பிப்போய், "நாங்கள் நாயாறு. எங்கட ஊரில ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து இருந்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்னும் ஏதோ வரும் என்று பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். மேடைப் பயம் என்று நான் நினைத்தேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவளை விட்டுவிட்டு இவளை ஏன் கூப்பிட்டார்கள் என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

மூன்றாம் நாள் போன பள்ளிக்கூடம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தது. மண்டபம் நிறையப் பிள்ளைகள், பின்வரிசையில் பெற்றோர். அங்கேதான் தலைமையாசிரியை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தத் தாளை எடுத்தார். என் பெயரை வாசித்தார். எங்கள் ஊரின் பெயரை வாசித்தார். அடுத்ததாக, "தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்து, இன்று தாய்மாமனின் ஆதரவில் வாழும் செல்வம்" என்றார்.

அந்த வசனத்தைக் கேட்டதும் எனக்கு என்ன நடந்தது என்பது இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. தாளில் பிழை என்றோ, வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றோ எனக்குத் தோன்றவில்லை. நான் புறப்பட்ட பிறகு வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். செய்தி இங்கே வந்திருக்கிறது, பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் இப்படிச் சபையில் வைத்துச் சொல்கிறார்கள். மாமா மட்டும் தப்பியிருக்கிறார். எனக்கு மண்டபம் முழுவதும் சத்தமில்லாமல் போனது. வாய் திறந்தபடி இருந்தது, மூச்சு வரவில்லை. பிறகு ஒரு குரல் வந்தது, அது என்னுடையதுதான் என்று தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பா என்று கத்தினேன்.

முன்வரிசைப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தலைமையாசிரியை ஓடிவந்து என்னை அணைத்துக்கொண்டு, ஒலிவாங்கியில், "எல்லாரும் எழுந்து நில்லுங்க. இந்தப் பிள்ளையோட பெற்றோருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு அறிவு திரும்பியது. அவருடைய கையிலிருந்த தாள் என் கண்ணுக்கு நேரே இருந்தது. போரில் இழந்தவர் என்று அதில் தெளிவாக அச்சடித்திருந்தது. போர் முடிந்து ஐந்து வருடம். நாலு நாளுக்கு முன்னால் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டார், பின்னும்போது ஆட்டம் போடாதே என்று தலையில் குட்டினார். அப்பா தண்ணீர் கட்டப் போயிருந்தார். தாளின் அடியில் பாதுகாவலர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த முறை கடதாசி கேட்டது பெற்றோர் இல்லாத பிள்ளைகளை. மாமா அது கேட்டதைக் கொடுத்திருக்கிறார்.

நானூறு பேர் தலை குனிந்து நிற்க, உயிரோடிருக்கும் என் அப்பாவுக்காக நானும் தலை குனிந்து நின்றேன். சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோசம். அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் என்னை உடனே திருப்பி அனுப்புவார்கள், மாமாவைப் பொலிஸ் பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

மௌனம் முடிந்ததும் தலைமையாசிரியை என் கன்னத்தைத் துடைத்து, "ரெண்டு வார்த்தை பேச முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியாது என்று தலையாட்டியிருக்கலாம். அதுவே போதுமாக இருந்திருக்கும். ஆனால் நான் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தவள். ஒலிவாங்கியைக் கண்டால் என் கால் தானாக எழும்பும்.

சண்டையின் கடைசி நாட்களில், கஞ்சி கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்று வாங்கிவர அப்பா போன கதையைச் சொன்னேன். அது நடந்ததுதான். எனக்கு ஆறு வயது, தறப்பாளுக்குக் கீழே அம்மாவின் மடியில் இருந்தேன், வெளியே ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நெடுநேரமாக அப்பாவைக் காணவில்லை. உண்மையில் அப்பா திரும்பி வந்தார். வாளியிலிருந்த கஞ்சியில் பாதி வழியில் சிந்திப்போயிருந்தது, அதற்காக அம்மா அவரை ஏசினார், ஏசிவிட்டு அழுதார். பேச்சில் நான் அவரைத் திரும்பி வரவிடவில்லை. வாளி மட்டும் வந்தது என்றேன். அந்த வசனத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை, வாயில் வந்தது. சொல்லி முடித்தபோது மண்டபத்தில் விம்மல் சத்தம்தான் கேட்டது. என் பேச்சுக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வரவேற்புக் கிடைத்ததில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று பின்னேரம் தங்குமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் அக்கா ஒவ்வொருவர் வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, ஒலியைக் கூட்டி, எல்லோருக்கும் நடுவில் வைத்துக் கதைக்கச் சொன்னார். எனக்கு மாமாவின் எண்.

"மாமா, எல்லாரும் சுகமோ?"

மாமா ஒரு கணம் யோசித்தார். "நான் சுகமாத்தான் இருக்கிறன் பிள்ளை" என்றார்.

"வயலுக்குத் தண்ணி வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. வடிவா வந்திட்டுது. நீ ஒண்டுக்கும் யோசியாதை."

அப்போது அவருக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது. எத்தனை பேர் நடுவில் கேட்டாலும் அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அப்பா பக்கத்தில்தான் நின்றார். கையை நீட்டினால் தொலைபேசியை வாங்கலாம். வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏற்றிவிட வராததற்குக் காரணமும் அந்தச் செருமலோடு எனக்கு விளங்கியது. பேசி முடிந்ததும் அக்கா என் தலையைத் தடவி, "மாமா நல்ல அன்பான ஆள் என்ன" என்றார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் நாயாற்றுப் பிள்ளை எனக்கு முன்னால் வந்து இருந்தாள். நெடுநேரம் சோற்றிலிருந்த நெத்தலிகளை ஒரு கரையாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அப்பிடி ஒண்டு சொல்லித் தாறியோ?" என்றாள்.

"எப்பிடி?"

"உன்ர அப்பா செத்த மாதிரி. நாளைக்குத் திரும்ப என்னைக் கதைக்கச் சொல்லியிருக்கினம். எனக்கு ஒண்டும் தெரியாது. நான் அப்ப நித்திரையாம். எழும்பேக்கை அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லையாம். மாமிதான் சொன்னவா. அதைப்போய் மேடையில என்னெண்டு சொல்லுறது? ஒரு வசனத்தில முடிஞ்சுபோகுது."

மேடையில் என்மேல் விழுந்த இடி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அப்போது தோன்றியது. அதுவரை எனக்கு அந்த ஐந்து பேரும் என்னைப் போலத்தான் என்ற எண்ணம். அவர்களுக்கும் ஒவ்வொரு மாமா இருந்து, ஒவ்வொரு படிவம் நிரப்பியிருப்பார் என்று நான் என்னை அறியாமலே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மாமி உண்மையான மாமி. அவளுடைய தாளில் இருந்தது உண்மை. என்னையே எனக்குப் பிடிக்காமல் போன முதல் நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

"என்ர அப்பா சாகேல்லை" என்றேன். "அம்மாவும் இருக்கிறா. மாமா படிவத்தில அப்பிடி எழுதிப்போட்டார். எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் கோபிப்பாள், எழும்பிப்போய் அக்காவிடம் சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப இப்ப என்ன செய்துகொண்டிருப்பார்?" என்று கேட்டாள்.

"ஆர்?"

"உன்ர அப்பா."

அங்கே இன்னும் விடியவில்லை என்று கணக்குப் பார்த்தேன். "எழும்பியிருப்பார். முகம் கழுவிப்போட்டு மாட்டை அவிட்டுக் கட்டுவார். அம்மா தேத்தண்ணி குடுப்பா. சூடு காணாது எண்டு சொல்லுவார். சொல்லிப்போட்டுக் குடிப்பார்."

"ஒவ்வொரு நாளும் சொல்லுவாரோ?"

"ஒவ்வொரு நாளும்."

அவளுக்கு அது போதவில்லை. அன்று மத்தியானம் கேட்டாள், பின்னேரம் பேருந்தில் கேட்டாள். வயலுக்கு எந்தப் பக்கத்தால் போவார், சைக்கிளில் மண்வெட்டியை எங்கே செருகுவார், உன்னைக் கூப்பிடும்போது பெயரைச் சொல்லுவாரா, பிள்ளை என்பாரா. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்பாவைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பள்ளிக்கூடத்தில் அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். "என்ர அப்பா விடிய எழும்புவார். வள்ளத்தைப் போய்ப் பார்ப்பார். அம்மா தேத்தண்ணி குடுப்பா. சூடு காணாது எண்டு சொல்லுவார்" என்றாள். இன்னும் நாலைந்து வசனம் அப்படியே சொன்னாள், மாட்டுக்குப் பதில் வள்ளம், மண்வெட்டிக்குப் பதில் வலை. மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எங்கே அழ வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்து என் பக்கத்தில் இருந்தபோது முகம் சிவந்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை இருவரும் பிரியவில்லை.

பத்து நாள் முடிந்து கிளிநொச்சியில் எங்கள் வான் நின்றபோது மாமா புன்னகையோடு காத்திருந்தார். அக்காவின் கொப்பியில் கையெழுத்து வைத்தார், என் பெட்டியைத் தன் மோட்டார் சைக்கிளில் கட்டினார். அப்பா தெருவுக்கு மற்றப் பக்கத்தில், ஒரு கடைத் தாழ்வாரத்தில், எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆள்போலச் சைக்கிளோடு நின்றார்.

வான் முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். நாயாற்றுப் பிள்ளை யன்னலால் தலையை நீட்டினாள்.

"அவரோ?"

"ஓம்."

அவள் அப்பாவை நன்றாகப் பார்த்தாள். "நீ சொன்ன மாதிரித்தான் இருக்கிறார்" என்றாள். பிறகு, "என்ர தங்கச்சியும் இதுக்குப் படிவம் போட்டவள். ஆறு பேரைத்தான் எடுத்தவை. அவள் ஏழாவதாம்" என்றாள்.

"அடுத்தமுறை கட்டாயம் எடுப்பினம்" என்று நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். கைப்பையிலிருந்த சொக்லேட் பெட்டியை எடுத்து, "தங்கச்சிக்குக் குடு" என்று கொடுத்தேன். அது என் தம்பிக்கு வைத்திருந்தது. எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

வான் கண்ணுக்கு மறைந்த பிறகு தெருவைக் கடந்து ஓடினேன். அப்பா என் தலையில் கை வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகு என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு மிதித்தார். பிளேனில் பயந்தாயா, சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாய்க்கால் கரைக்கு வந்தபோது, "வானுக்குள்ள இருந்து கதைச்ச பிள்ளை ஆர்?" என்றார்.

"நாயாறு. பாவம் அப்பா, அவளுக்குத் தாய் தேப்பன் ரெண்டு பேரும் இல்லை. உண்மையாவே இல்லை. அவளின்ர தங்கச்சியும் இதுக்குப் போட்டவளாம். ஏழாவதா வந்ததால எடுக்கேல்லையாம். நான் சொக்லேட் குடுத்துவிட்டனான்."

அப்பா மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் கொஞ்சத் தூரம் தானாக ஓடி நின்றது. ஒரு காலை ஊன்றியபடி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சின்னப் பிள்ளைக்கு என்ன வயசாம்?" என்றார்.

"கேக்கேல்லை."

அவர் இறங்கினார், அதற்குப் பிறகு ஏறவில்லை. என்னைப் பாரில் வைத்தபடியே வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அப்பாவுக்குக் களைப்பு என்று நான் நினைத்தேன். பிளேனில் தந்த சாப்பாட்டில் இருந்த இனிப்பைப் பற்றி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.